ஏழாம் படுக்கை

இரண்டு மணி பத்து நிமிடம்.
முதலில் செருப்பைத் தேடும் சத்தம்,
பிறகு மணி.
தேக்காவில் வாங்கி இரும்புக் கதவில் கட்டிய
சின்னப் பித்தளை மணி.
ஆட்டுக்குட்டிக்கா, மாட்டுக்கா என்று கேட்டான் கடைக்காரன்.
கதவுக்கு என்றேன்.

நவமணி வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.
இருபத்தொன்பது ஆண்டு இரவுப்பணி பார்த்த தாதி,
ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டு கழித்து,
கைப்பையில் ஒரு சீப்பும்
தொலைக்காட்சி ரிமோட்டும் எடுத்துக்கொண்டு.

ஆரம்பத்தில் வாதாடினேன்.
கடிகாரத்தைக் காட்டினேன். சன்னலைத் திறந்து
எதிர் புளோக்கின் இருட்டைக் காட்டினேன்.
"ராத்திரி டூட்டிக்கு ராத்திரிதானே போகணும்?" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஒருமுறை கத்திவிட்டேன்.
அழுதாள். ஏன் அழுகிறோம் என்பது மறந்தபின்னும்
அழுதுகொண்டே இருந்தாள்.
மேல்மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
மறுநாள் பக்கத்து வீட்டு ரொஹானா
ஒரு தட்டு குவே கொண்டுவந்து கொடுத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காததுதான் சுட்டது.

மருத்துவர் சொன்னதெல்லாம் செய்கிறேன்.
நாலு மணிக்குமேல் தேநீர் கிடையாது.
மாலை வெயிலில் ஈசூன் குளத்தை ஒரு சுற்று.
குளியலறை விளக்கை அணைப்பதில்லை.
நிலைக்கண்ணாடிக்குப் போர்வை:
அதில் நிற்கும் கிழவிக்குப்
பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதாம்.
சில இரவுகளில் பலிக்கிறது.
பலித்த இரவில் நான்
மணி ஏன் அடிக்கவில்லை என்று விழித்துக் கிடக்கிறேன்.

பிறகு ஓர் இரவு, காய்ச்சல் எனக்கு.
எழுந்து போய்த் தடுக்கத் தெம்பில்லை.
கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்,
என் மணிக்கட்டைப் பிடித்தாள், சரியான இடத்தில்.
உதடு அசைய எண்ணினாள்.
"ஏழாம் படுக்கை, ஏன் இன்னும் தூங்கல?"

அன்றிலிருந்து நான் நோயாளி.
மணி அடித்ததும் கொஞ்சம் முனகுவேன்.
"சிஸ்டர்" என்பேன்.
அவள் செருப்பைக் கழற்றமாட்டாள், ஆனால் வருவாள்.
போர்வையின் மூலையை மடித்துச் செருகுவாள்,
அந்த மடிப்பை மட்டும் எதுவும் தின்னவில்லை.

என் தூக்கத்தை ரயிலில் வைத்திருக்கிறேன்.
பராமரிப்பு நிலையத்து வேன் அவளை ஏற்றிப் போனதும்
காதிப்பில் ஏறி மூலை இருக்கை.
மரினா சவுத் படகுத்துறை வரை. அப்படியே திரும்ப.
ஒருநாள் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தோளைத் தொட்டு
"அங்கிள், கடைசி ஸ்டேஷன்" என்றான்.
கண் திறக்காமலே
கையை நீட்டியிருக்கிறேன் அவனிடம்.

நேற்றிரவு புதிதாக ஒன்று கேட்டாள்.
"பேரு?"
"சவரிமுத்து."
ரிமோட்டில் எதையோ அழுத்திக் குறித்துக்கொண்டாள்.
பிறகு நிமிர்ந்து,
"எங்க வீட்டுக்காரர் பேரும் அதான்."
"நல்ல மனுஷனா?"
யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள், பயமாக இருந்தது.
"குறட்டை விடுவாரு.
ஆனா பகல்ல நான் தூங்கணும்னு
ரேடியோவத் தொடமாட்டாரு."

மறந்தே போயிருந்தேன்.
சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தது,
தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கிவைத்தது,
ஹாரனோடு வந்த காருங்கூனிக்காரரிடம்
இந்த மாடியில் பழைய பொருள் எதுவும் இல்லை என்று
கிசுகிசுத்தது.
இருபத்தொன்பது ஆண்டு.
நானும் ஒரு தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

"பாவம், தனியா இருப்பாரு" என்றாள்.
"டூட்டி முடிஞ்சதும் போயிருவேன்."

நாலே முக்காலுக்கு அவள் தலை சாய்ந்தது,
பிளாஸ்டிக் நாற்காலியிலேயே.
விரல் என் மணிக்கட்டில்.
எண்ணுகிறதா, பிடித்திருக்கிறதா, தெரியவில்லை.
கை மரத்துப்போய்விட்டது.
தூரத்தில் முதல் ரயில்.
வேலை முடிந்து வருகிறவளுக்குக் காப்பி போட்டு
மூடி வைக்க வேண்டும்.
எழ வேண்டும்.
இன்னும் கொஞ்சம் போகட்டும்.